இறக்குதுறை: ரொட்டர்டாம்

நாளுக்கு இருபது தடவையாவது
அந்தப் பெயரைத் தட்டுகிறேன்
சதாம் வீதியில், நாலாம் மாடியில்,
குளிரூட்டி சொட்டுகிற கந்தோரில்.
ஏற்றுதுறை: கொழும்பு.
இறக்குதுறை: ரொட்டர்டாம்.
இடையில் கிடக்கும் கடலுக்குப்
படிவத்தில் கட்டமில்லை.

பதினொரு வருடமாக அது எனக்கு ஊருமில்லை,
சொல்லுமில்லை,
விரல்களின் பழக்கம்.
ஃபரீனா மட்டும் பகல் சாப்பாட்டில்
"உன் ரொட்டிக்கடைக்கு இன்றைக்கு எத்தனை பெட்டி?" என்பாள்.

அனுப்புவது பெரும்பாலும் தும்புச் சோறு.
குருநாகலில் கழுவிக் காயவைத்து
செங்கல்லாய் அமுக்கிய தேங்காய்மட்டைத் தூள்.
அங்கே கண்ணாடி வீடுகளுக்குள்
தண்ணீர் விட்டு அதை ஊதவைத்துத்
தக்காளி நடுகிறார்களாம்.
சொந்த மண்ணுக்கு என்ன ஆயிற்று
என்று கேட்பது என் வேலையல்ல.
நான் எடையைச் சரிபார்ப்பவள்.

போன செவ்வாய் ஒரு பெட்டியை அங்கே மறித்துவிட்டார்கள்.
பிழை என்னுடையது:
இரண்டு டி நிற்கவேண்டிய இடத்தில்
ஒன்றைத்தான் நிறுத்தியிருந்தேன்.
ஃபெம்கே என்றொருத்தி ரெலிபோனில் வந்தாள்.
கோபமில்லாத குரல். பின்னால் எங்கோ
சைக்கிள் மணி.
"ரொட்டே எங்கள் ஆறு," என்றாள்.
"ஏற்கனவே சின்ன ஆறு.
நீ அதைப் பாதியாக்கிவிட்டாய்."

ஆறா?

"ஆறுதான். சேற்றுத் தண்ணீர் என்று அர்த்தம் சொல்வார்கள்.
யாரோ குறுக்கே அணை போட்டார்கள்.
பெயர் அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.
கப்பல்கள், பாரந்தூக்கிகள், என் பதினொரு வருடம்,
எல்லாம் ஒரு கலங்கல் ஆற்றின்
முதுகில் ஏறி நின்றிருக்கின்றன.

"கொழும்பு என்றால் என்ன?" என்று கேட்டாள்.

நான் இருப்பது கொம்பனித்தெருவில்.
எந்தக் கொம்பனி என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை.
பக்கத்து வாவியின் பெயரும்
ஒல்லாந்தன் ஒருத்தனுடையது என்கிறார்கள்,
வாவிக்கு அது தெரியாது,
பச்சையாய் நாறிக்கொண்டு கிடக்கிறது.
இதையெல்லாம் எந்த இங்கிலீஷில் சொல்ல?
"மாவிலை என்பார்கள் சிலர்," என்றேன்,
"களனி ஆற்றின் துறை என்பார்கள் வேறு சிலர்.
தமிழில் வாய் கொஞ்சம் தவறினால்
குழம்பு.
சோற்றுக்கு ஊற்றுவதும் அதுதான்,
தெளிந்த தண்ணீரில் காலை விட்டால் நடப்பதும் அதுதான்."

"அப்படியென்றால் உங்களுடையதும் சேறு," என்று சிரித்தாள்.
பிறகு, ஏன் என்று தெரியவில்லை,
யுத்தத்தில் பழைய ஊரின் நடுப்பகுதி
குண்டு விழுந்து எரிந்ததைச் சொன்னாள்,
அவளுடைய அம்மம்மாவுக்கு அப்போது நாலு வயதாம்.

எண்பத்துமூன்று யூலையில் எனக்கும் நாலு வயது.
சொல்லவில்லை.
பொருட்பட்டியலில் இல்லாத சரக்கு அது.
"நாலு மணிக்குள் திருத்தம் அனுப்புகிறேன்," என்றேன்.

அனுப்பிய பிறகு,
வீணாய்ப்போன படிவத்தின் பின்பக்கத்தில்
அணை என்று எழுதிப் பார்த்தேன்.
ஆற்றை மறித்தால் அணை.
நெருப்பை அவித்தால் அணை.
அழுகிற பிள்ளையை நெஞ்சோடு சேர்த்தால்
அதுவும் அணை.
அந்த முதல் ஆள், மண்வெட்டியோடு
சேற்றில் இறங்கியவன்,
ரொட்டேயை என்ன செய்வதாக நினைத்திருப்பான்?
எங்கள் தெரு எரிந்த இரவில்
மூன்றில் ஒன்றைச் செய்யவும்
ஆள் வரவில்லை.
இல்லை, ஒருத்தி வந்தாள்,
மூன்றாவதைச் செய்தாள், மேல்வீட்டு சுமனாவதி,
என் வாயைப் பொத்திக்கொண்டு.

திருத்தக் கட்டணம் நாற்பது டொலர்,
என் சம்பளத்தில் கழிப்பார்கள்.
முத்திரைக் கட்டையை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.
கந்தோர், லாச்சி,
இவையும் அவர்கள் இறக்கிவிட்டுத்
திருப்பி ஏற்ற மறந்த பெட்டிகள்தானாம்.

வெளியே பின்னேர மழை.
கொம்பனித்தெரு முடக்கில்
வாவி ரோட்டுக்கு ஏறியிருந்தது.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.